ஆவணித் திருவிழாவும் ஆறு சோடிச் செருப்புகளும்

ஆடி மாதம் முடிவதற்கு முன்னரே எமது கத்தோலிக்க இல்லங்களில் ஒரு கேள்வி எழுந்துவிடும். "இந்த வருஷம் மடுவுக்கு எப்ப வெளிக்கிடுறது?" என்பதே அது. பஞ்சாங்கத்தின்படி பார்த்தால் ஆகஸ்ட் 15ஆம் திகதி ஆடி மாதத்தின் கடைசி நாட்களிலேயே வருகின்றது. ஆயினும் ஜூலையை ஆடி என்றும் ஆகஸ்ட்டை ஆவணி என்றும் சொல்லிப் பழகிய நாம், ஜூலை 2ஆம் திகதியை ஆடித் திருவிழா என்றும் ஆகஸ்ட் 15ஆம் திகதியை ஆவணித் திருவிழா என்றும் தலைமுறை தலைமுறையாக அழைத்து வருகின்றோம். பஞ்சாங்கம் அறிந்த அயலவர் எவரேனும் திருத்த முற்பட்டாலும் நாம் செவிசாய்ப்பதில்லை.

அன்பார்ந்த வாசகர்களே, சிறு பிள்ளைகளோடு மடுவுக்குச் சென்ற அனுபவம் உங்களுக்கு இருக்குமாயின், இங்கே நான் சொல்லப்போகின்றவற்றிற் பாதியை நீங்கள் ஏற்கெனவே அறிவீர்கள். பிள்ளைகளற்ற காலத்தில் மட்டும் சென்றவராயின், நீங்கள் அறிந்தது வேறு மடு. அங்கே அமைதி இருந்திருக்கும். முழங்காலில் நின்று ஒரு ஜெபமாலையை இடையூறின்றிச் சொல்லி முடித்திருப்பீர்கள். ஐந்து வயதுப் பிள்ளையொன்று கையைப் பிடித்து இழுக்கும்போது ஐந்து தேவ இரகசியங்களையும் தியானிப்பது எத்தகைய தவம் என்பதைப் பெற்றோர் மாத்திரமே அறிவர்.

எங்கள் வீட்டில் நாம் ஆறு பேர். பதின்மூன்று வயதில் ஒரு மகன், ஒன்பது வயதில் ஒரு மகள், ஐந்து வயதில் கடைக்குட்டி, மனைவி, நான், இவர்களோடு என் மாமியார். பிள்ளைகளுக்கு அவர் அம்மம்மா. பயண ஆயத்தம் என்பது எங்கள் வீட்டில் இரண்டு கட்சிகளுக்கிடையிலான பேச்சுவார்த்தையாகவே நடைபெறும். பெரியவர்கள் அரிசி, பருப்பு, தேங்காய், சீனிச் சம்பல், பாய், படங்கு, கயிறு, தண்ணீர்க் கான் என்று அடுக்குவார்கள். சின்னவர்கள் பந்து, பட்டம், வர்ணப் பென்சில், கைபேசியின் மின்னேற்றி என்று அடுக்குவார்கள். மடுவில் பட்டம் எதற்கு என்று கேட்டால், "அங்கே மரமில்லாத வெளி இருக்குந்தானே" என்ற பதில் வரும். அடர்ந்த காட்டின் நடுவே அமைந்த திருப்பதிக்குச் செல்லும் பிள்ளையின் வாயிலிருந்து வரும் சொற்கள் இவை.

யாழ்ப்பாணத்திலிருந்து ஏ9 வீதியால் புறப்படுவோருக்கு முறிகண்டி ஒரு கட்டாயத் தரிப்பிடம். பிள்ளையார் கோயில் வாசலில் சாரதி இறங்கிக் கும்பிட்டு வருவார். நாம் இறங்கிக் கச்சான் வாங்கி வருவோம். முறிகண்டிக் கச்சானை மறுத்த கத்தோலிக்கப் பிள்ளை ஒன்றை நான் இதுவரை கண்டதில்லை. வவுனியாவைக் கடந்து மன்னார் வீதியில் ஏறியதும் ஜெபமாலை தொடங்கும். இரண்டாவது பத்து மணி முடிவதற்குள் மூவரில் இருவர் உறங்கிவிடுவர். விழித்திருக்கும் மூன்றாவது பிள்ளை, இன்னும் எத்தனை மணி உண்டு என்று விரல்விட்டு எண்ணிக்கொண்டிருக்கும். மடுச் சந்தியிலே திரும்பிக் காட்டு வழிக்குள் நுழைந்தால் உறக்கம் கலைந்துவிடும். யானை பார்க்கும் ஆவல். இத்தனை வருடங்களில் எங்கள் கண்ணிற் பட்டவை மாடுகளும் குரங்குகளும்தான். இருந்தும் ஒவ்வொரு முறையும் யாராவது ஒருவர் ஒரு கற்பாறையை யானையாகக் காண்பார்; அதைப் பற்றிய வாக்குவாதம் ஆலய வளாகம் வரை நீளும்.

எங்கள் பாட்டன்மார் மாட்டுவண்டி கட்டி, சோறு சமைத்து உண்டு, வழியில் இரவு தங்கி வந்த பாதை இது. 1914இல் தலைமன்னார்ப் புகையிரதப் பாதை திறக்கப்பட்ட பின்னர், மடு வீதி நிலையத்தில் இறங்கி எஞ்சிய தூரத்தைக் காட்டினூடாகக் கடந்தோர் பலர். யுத்தத்தினால் அழிந்த அப்பாதை 2013இல் மடு வீதி வரையும் 2015இல் தலைமன்னார் வரையும் மீண்டும் திறக்கப்பட்டது. இவற்றையெல்லாம் நான் வாகனத்துக்குள் விளக்கிச் சொல்லிக்கொண்டு வருவேன். செவிமடுப்பவர் சாரதி ஒருவரே.

ஆகஸ்ட் 6ஆம் திகதி கொடியேற்றத்தோடு நவநாட்கள் தொடங்குகின்றன. வேலைக்குச் செல்வோருக்கு ஒன்பது நாட்களும் அங்கே தங்குவது இயலாத காரியம். ஆகவே நாம் பன்னிரண்டாம் திகதியளவிற் போய்ச் சேர்ந்து, மரங்களுக்கிடையே படங்கைக் கட்டி, மூன்று கற்களை வைத்து அடுப்பு மூட்டுவோம். விடுதி கிடைத்தாலும் பிள்ளைகள் விடமாட்டார்கள். அவர்களுக்குப் படங்குக் கூடாரமே வேண்டும். வருடம் முழுவதும் ஓட்டு வீட்டில், மின்விசிறியின் கீழ் உறங்குபவர்களுக்கு மண் தரையில் பாய் விரித்துப் படுப்பது ஒரு பெரும் பாக்கியமாகத் தோன்றுகின்றது. இரவில் ரோர்ச் லைற்றை முகத்தின் கீழ் பிடித்துப் பேய்க்கதை சொல்வது மூத்தவனின் வழக்கம். மாதா கோயிலில் பேய் எப்படி வரும் என்று கேட்டுத் தங்கை அக்கதையை ஒவ்வோர் ஆண்டும் நடுவிலேயே நிறுத்திவிடுவாள். அவளது மறைக்கல்வி ஆசிரியர் மகிழவேண்டிய விடயம்.

செருப்புகளைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லியே ஆகவேண்டும். ஆலய முன்றலில் ஆயிரக்கணக்கான செருப்புகள் குவிந்து கிடக்கும். ஆறு சோடிகளோடு செல்லும் குடும்பம் ஆறு சோடிகளோடு திரும்புவது புதுமைகளின் பட்டியலிற் சேர்க்கத்தக்கது. ஒருமுறை கடைக்குட்டி இரண்டு கால்களிலும் இரண்டு நிறச் செருப்புகளோடு வந்து நின்றான். ஒன்றேனும் அவனுடையதன்று. எந்தப் பிள்ளை அவனது சோடியை அணிந்து சிலாபத்துக்கோ நீர்கொழும்புக்கோ சென்றதோ தெரியாது. அப்பிள்ளையின் தாயும் எங்களைப் போலவே சிரித்திருப்பார் என்று நம்புகின்றோம்.

நீர்கொழும்பு என்றதும் நினைவுக்கு வருகின்றது. எங்கள் கூடாரத்துக்கு அடுத்ததாகச் சிங்களக் குடும்பமொன்று தங்கியிருந்தது. அவர்களிடமும் மூன்று பிள்ளைகள். எங்களவர்களுக்குச் சிங்களம் பாடசாலைப் புத்தகத்தின் அளவுக்கே தெரியும். அவர்களுக்குத் தமிழ் அதனிலும் குறைவு. பத்து நிமிடத்துக்குள் பந்து விளையாட்டுத் தொடங்கியது. யார் ஆட்டமிழந்தார் என்ற சண்டைக்கு இரு மொழிகளிலும் சொற்கள் போதியளவு இருந்ததை நான் கவனித்தேன். மாலையில் அவர்கள் வீட்டிலிருந்து கொண்டுவந்த கொக்கிஸ் எங்கள் பக்கம் வந்தது. எங்கள் கச்சான் அல்வா அந்தப் பக்கம் போனது. பெரியவர்கள் பெயரும் ஊரும் கேட்டுக்கொள்வதற்கு அடுத்த நாள் காலைவரை ஆயிற்று.

அந்த முறைதான் ஒலிபெருக்கி அறிவித்தல் நடந்தது. வேஸ்பருக்கு முந்திய நாள் மாலை, மகள் தண்ணீர் கொண்டுவரும் வழியில் அம்மம்மாவைத் தேடியிருக்கின்றாள். கூடாரத்தில் இல்லை, கடைத் தெருவிலும் இல்லை. அவள் சற்றும் கலங்காது அறிவித்தல் செய்யும் இடத்துக்குச் சென்று முறைப்பாடு கொடுத்துவிட்டாள். சிறிது நேரத்தில் வளாகம் முழுவதும் கேட்டது: அறுபத்தெட்டு வயதான அம்மம்மா ஒருவர் காணாமற் போயுள்ளார், அவரது பேத்தி இங்கே காத்திருக்கின்றாள். காணாமற் போன பிள்ளைகளின் பெயர்களையே கேட்டுப் பழகிய யாத்திரிகர்கள் தலைநிமிர்ந்து பார்த்தனர். மாமியார் ஆலயத்துக்குள்ளிருந்து கோபத்தோடு வெளியே வந்தார். "நான் எங்க துலைஞ்சனான்? மாதாவோடதானே இருந்தனான். என்னை ஏன் தேடினனீங்கள்?" என்றார்.

மூத்தவன் பீடப் பணியாளன். லூக்கா நற்செய்தியின் இரண்டாம் அதிகாரத்தை அவன் வாசித்திருக்கின்றான். "அம்மம்மா, பன்னிரண்டு வயதில இயேசுவும் ஏறக்குறைய இதைத்தான் சொன்னவர்" என்றான். மாமியாருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. பாஸ்கா விழாவுக்கு எருசலேம் சென்று திரும்பிய மரியாவும் சூசையப்பரும், பிள்ளை உறவினர் கூட்டத்தோடு வருகின்றார் என எண்ணி ஒருநாள் வழிப்பயணம் நடந்துவிட்டதை அந்நற்செய்தி கூறுகின்றது. யாத்திரைக் கூட்டமென்றால் என்ன என்பது திருக்குடும்பத்துக்கும் தெரிந்தே இருந்தது. திருவிழாக் கூட்டத்தில் ஒரு கையை இறுகப் பற்றியபடி மறு கையைத் தேடும் தாய்மார், இந்த ஒரு விடயத்தில் அன்னை மரியாளோடு தயக்கமின்றிப் பேசலாம்.

ஆனால் மகள் விடவில்லை. "கோயிலுக்குள்ள எங்க இருந்தனீங்கள்? நான் வந்து பார்த்தனானே" என்று கேட்டாள். மாமியார் அவளைக் கூட்டிச் சென்று, சுவரோரமாக, தூணின் மறைவில் உள்ள ஓர் இடத்தைக் காட்டினார். மடுவுக்கு வரும்போதெல்லாம் அவர் அமர்வது அங்கேதான். முன்வரிசையில் இடமிருந்தாலும் அங்கே போகமாட்டார். ஏன் என்பதை என் மனைவி அறிவார், நானும் அறிவேன். பிள்ளைகள் அறிந்திருக்கவில்லை.

மன்னார்ப் பெருநிலப்பரப்பிலுள்ள கிராமமொன்றிலிருந்து இடம்பெயர்ந்து, பிள்ளைகளோடு அவர் மடுவில் தங்கியிருந்த காலம் ஒன்று உண்டு. 1990ஆம் ஆண்டு முதல் ஆயிரக்கணக்கான மக்கள் இந்த வளாகத்தில் அடைக்கலம் தேடியிருந்தனர். நாம் இன்று படங்கு கட்டும் மரங்களின் கீழ் அன்றும் படங்குகள் இருந்தன, திருவிழாவுக்காக அல்ல. என் மனைவிக்கு அப்போது பதின்மூன்று வயது, மூத்தவனின் இன்றைய வயது. 1999ஆம் ஆண்டு நவம்பர் 20ஆம் திகதி இவ்வளாகத்தில் எறிகணைகள் வீழ்ந்து சுமார் 40 பேர் மரணமாயினர். சிறுவர்களும் அவர்களுள் அடங்குவர். அன்றிரவு மாமியார் தம் பிள்ளைகளை அணைத்துக்கொண்டு இருந்த இடம்தான் அந்தச் சுவரோரம்.

இதனைப் பிள்ளைகளுக்கு எப்போது சொல்வது, எப்படிச் சொல்வது என்று நாம் இருவரும் பலமுறை பேசியிருக்கின்றோம். ஆறுதலாகச் சொல்லலாம், வளர்ந்த பின் சொல்லலாம் என்பது என் எண்ணம். திருவிழா மகிழ்ச்சியின் நடுவே இதை ஏன் கொண்டுவரவேண்டும் என்றும் நினைத்ததுண்டு. மாமியார் எவரையும் கேட்கவில்லை. அன்றிரவு கூடாரத்தில், பேய்க்கதைக்குரிய நேரத்தில், தாமாகவே சொன்னார். குரலை உயர்த்தவுமில்லை, அழவுமில்லை. உணவுக்கு வரிசையில் நின்றது, மழையில் படங்கு ஒழுகியது, பிள்ளைகள் தகரப்பேணியை உருட்டி விளையாடியது, அதிலே என் மனைவி எல்லோரையும் ஏமாற்றி வென்றது என்று சொல்லிக்கொண்டே அந்த நாளுக்கு வந்தார். அன்னை ஏமாற்றிய செய்தி கேட்டுப் பிள்ளைகள் சிரித்தனர், அதன்பின் அமைதியாயினர்.

மகள்தான் கேட்டாள். "மாதா இருக்கிற இடத்தில ஏன் ஷெல் விழுந்தது? மாதா ஏன் அதை நிப்பாட்டேல்லை?"

இக்கேள்விக்குப் பதில் சொல்ல நான் வாயெடுக்கவில்லை. மறைக்கல்வி நூல்களில் உள்ள விளக்கங்களை நான் அறிவேன். அவை பிழையானவையும் அல்ல. ஆனால் அந்தச் சுவரோரம் இருந்தவரின் முன்னிலையில் அவற்றைச் சொல்லும் உரிமை எனக்கில்லை. மாமியார் சிறிது நேரம் பேசாதிருந்தார். பின்னர், "அது எனக்கும் தெரியாது பிள்ளை. நானும் கேட்டனான். ஆனா அவவும் எங்களோடதான் இடம்பெயர்ந்தவ" என்றார்.

அவர் சொன்னது மெய். 2008ஆம் ஆண்டு சித்திரையில் யுத்தம் மடுவை நெருங்கியபோது, அன்னையின் திருச்சொரூபம் பாதுகாப்புக்காகத் தேவன்பிட்டிக்கு எடுத்துச் செல்லப்பட்டது. அவ்வருடம் ஆவணியில் மீண்டும் மடுவுக்கு வந்து சேர்ந்தது. அதற்கு முன்னரும் அன்னைக்கு இடப்பெயர்வு புதிதன்று. ஒல்லாந்தர் ஆட்சியில் கத்தோலிக்க மறை தடைசெய்யப்பட்ட காலத்தில், 1670ஆம் ஆண்டளவில், மாந்தையிலிருந்த இருபது குடும்பங்கள் தம்மோடு திருச்சொரூபத்தையும் தூக்கிக்கொண்டு காட்டுக்குள் வந்ததிலிருந்துதான் மருதமடுத் திருப்பதியின் வரலாறே தொடங்குகின்றது என்பது மரபு. 1924ஆம் ஆண்டு ஜூலை 2ஆம் திகதி முடிசூட்டப்பட்டவரும், 2015ஆம் ஆண்டு ஜனவரி 14ஆம் திகதி திருத்தந்தை பிரான்சிஸ் வந்து வணங்கியவரும் இந்த அகதித் தாய்தான்.

மூத்தவன் வரலாற்றுப் பாடத்தில் ஒல்லாந்தரைப் பற்றிப் படித்திருக்கின்றான். திகதிகளை மனனம் செய்திருந்தான். அவர்களுக்கும் தான் படுத்திருக்கும் இந்த மண்ணுக்கும் தொடர்பிருப்பதை அன்றிரவுதான் அறிந்தான்.

வாசகர்களே, லேவியர் நூலின் இருபத்து மூன்றாம் அதிகாரத்தை நேரம் கிடைக்கும்போது வாசித்துப் பாருங்கள். கூடாரப் பெருவிழாவின்போது இஸ்ரயேலர் ஏழு நாட்கள் கூடாரங்களில் குடியிருக்கவேண்டும் என்று ஆண்டவர் கட்டளையிடுகின்றார். எகிப்திலிருந்து வெளியேறிய மூதாதையர் கூடாரங்களில் வாழ்ந்ததை வருங்காலத் தலைமுறையினர் அறிந்திருக்கவேண்டும் என்பதே அங்கு கூறப்படும் காரணம். நல்ல வீடு வாசல் உள்ளவர்களும் ஒரு வாரம் இலை தழைகளின் கீழே கிடக்கவேண்டும். அந்நாட்களில் யூதப் பிள்ளைகள் எங்கள் பிள்ளைகளைப் போலவே துள்ளிக் குதித்திருப்பார்கள் என்பதில் எனக்கு ஐயமில்லை. பாஸ்கா இரவைப் பற்றிச் சொல்லும்போதும், இச்சடங்கின் பொருள் என்னவென்று உங்கள் பிள்ளைகள் கேட்பார்கள் என விடுதலைப் பயண நூல் முன்கூட்டியே சொல்லிவிடுகின்றது. பிள்ளைகளின் கேள்விக்கு விழாவின் நடுவிலேயே இடம் ஒதுக்கப்பட்டிருக்கின்றது. திருவிழா முடியட்டும், பிள்ளைகள் வளரட்டும் என்று காத்திருக்கும் என் போன்ற தகப்பன்மாரின் எண்ணத்துக்கு அங்கே ஆதரவில்லை.

எங்கள் வீட்டில் வருடத்தின் ஏனைய காலங்களும் கேள்விகளால் நிறைந்தவையே. குருத்தோலை ஞாயிறன்று வீடு வந்து சேர்வதற்குள் குருத்துக்கள் வாள்களாகிவிடும். தவக்காலத்தில் இனிப்பை விடுவதாக வாக்களித்த கடைக்குட்டி, ஞாயிற்றுக்கிழமைகள் அந்த நாற்பது நாள் கணக்கில் சேராது என்பதைத் தமையனிடமிருந்து கண்டறிந்த விதம் ஒரு சட்டத்தரணிக்கு உரியது. நத்தாருக்குப் பாலன் குடில் கட்டும்போது மூன்று ஞானிகளை எங்கே வைப்பது என்பதில் ஆண்டுதோறும் தகராறு. அவர்கள் இன்னும் வந்துசேரவில்லையாதலால் குசினி யன்னலில் நிற்கவேண்டும் என்பது மகளின் கட்சி. திருக்காட்சிப் பெருவிழா வரை ஒட்டகங்களைத் தட்டிவிடாமல் தேநீர் தயாரிப்பது என் மனைவியின் பொறுப்பு.

மடுவுக்குத் திரும்புவோம். பதினான்காம் திகதி வேஸ்பர் ஆராதனையின்போது பிள்ளைகள் எங்கே அமரவேண்டும் என்று நாம் சொல்லவில்லை. மூவரும் சென்று அம்மம்மாவோடு அந்தச் சுவரோரத்தில் நெருக்கியடித்து அமர்ந்துகொண்டனர். அங்கிருந்து பீடம் சரியாகத் தெரியாது. கடைக்குட்டி முதற் செபத்திலேயே அவரது மடியில் உறங்கிவிட்டான். திருவிழாத் திருப்பலியன்று காலை தமிழிலும் சிங்களத்திலும் பாடல்கள் மாறி மாறி ஒலித்தபோது, அயல் கூடாரத்துப் பிள்ளைகளும் எங்கள் பிள்ளைகளும் தெரிந்த மொழியில் உரத்தும் தெரியாத மொழியில் வாயை மட்டும் அசைத்தும் பாடினர். திருச்சொரூப பவனியின்போது மூத்தவன் தம்பியைத் தோளில் தூக்கி வைத்துக்கொண்டான். வழமையில் அவன் செய்யாத காரியம்.

இவ்வருடம் சிறு பிள்ளைகளோடு புறப்பட இருப்பவர்களுக்கு அனுபவத்தில் கண்ட சில விடயங்கள். தண்ணீர்க் கானில் பெயர் எழுதுங்கள். பிள்ளைகளின் சட்டைப் பைக்குள் தொலைபேசி இலக்கம் எழுதிய துண்டு ஒன்றை வையுங்கள். மாமியாருக்கும் ஒன்று வைக்கலாம். பழைய செருப்புகளையே அணிவியுங்கள். உணவுப் பொருட்களைக் குரங்குகளின் கண்ணிற் படாமல் மூடி வையுங்கள். வயதானவர்கள் உங்களோடு வருவார்களாயின், அவர்கள் மடுவில் எங்கே அமர விரும்புகின்றார்கள் என்று கேட்டுப் பாருங்கள். அவர்கள் சொல்லத் தொடங்கினால் பிள்ளைகளை அப்பால் அனுப்பவேண்டாம்.

புறப்படும் நாளில் மடு மண் எடுப்பது எமது வழக்கம். அம்மண் உள்ள வீட்டை விஷ ஜந்துக்கள் அண்டா என்பது எம் முன்னோரின் நம்பிக்கை. மாமியார் ஒரு சிறு பையில் மண்ணைக் கட்டி, வீட்டைச் சுற்றித் தூவுவதற்கென மகளின் பொறுப்பில் ஒப்படைத்திருந்தார். வீடு வந்து சேர்ந்த மறுநாள் காலை பை வெறுமையாகக் கிடந்தது. கடைக்குட்டி அதிகாலையிலேயே எழுந்து, தான் வளர்க்கும் நான்கு கோழிக்குஞ்சுகளின் கூட்டைச் சுற்றி, ஒரு பிடிகூட மிச்சம் வையாமல் தூவிவிட்டான். பாம்பு குஞ்சுகளைத்தான் முதலில் தேடிவரும் என்பது அவனது விளக்கம். கூடு வீட்டுச் சுவரோடு ஒட்டியே இருப்பதால் அடுத்த ஆவணி வரை அது போதும் என்று மாமியார் தீர்ப்பளித்தார்.